சில்லுக்குள் ஒளிந்திருந்த பற்றறி

எழுதிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு படிவம் நிரப்பவும் கையெழுத்து வைக்கவும்தான் பேனா பிடித்திருக்கிறோம். ஆனாலும் இந்த ஜனவரியில் எங்களுக்கு நடந்த ஒரு காரியத்தை, சான் ஹோசேக்கு அண்மையில் வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களும் அறிந்து வைத்திருந்தால் நல்லது என்று பட்டது. பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைத்திருப்பவர்களும் பொறுமையோடு வாசியுங்கள்.

நாங்கள் கணவனும் மனைவியும் ஒரே தொழிற்சாலையில், ஒரே நேரத்து வேலை. கணினிப் பலகைகளில் சிறு சிறு பாகங்களைப் பொருத்திப் பரிசோதிக்கும் வேலை. காலை 6 மணிக்கு அட்டையைத் தட்டவேண்டும். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பஸ் மாறவேண்டும், ஒன்று தவறினால் அன்றைய கதை முடிந்தது. ஆகவே கையில் இருந்ததையும் கைமாற்றாக வாங்கியதையும் சேர்த்து 2,300 டொலருக்கு ஒரு டொட்ஜ் ஸ்ராட்டஸ் வாங்கினோம். 2004ஆம் ஆண்டுக் கார். வயது இருபதைத் தாண்டிவிட்டது. நாலு கதவு, எஞ்சின் நல்லது, மகன் பின் சீற்றில் காலை நீட்டித் தூங்கலாம். வேறென்ன வேண்டும் என்று இருந்தோம்.

எங்கள் தொழிற்சாலையில் புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. பிந்தி வந்தால் அரைப் புள்ளி, வராமல் விட்டால் ஒரு புள்ளி. ஆறு புள்ளி சேர்ந்தால் வேலை இல்லை. மகனுக்குச் சுகமில்லாமல் போனது, சட்டத்தரணியிடம் போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதே நாலு நாலு புள்ளி. இருவரும் ஒரே காரில் போவதால் ஒருவர் பிந்தினால் மற்றவரும் பிந்தத்தான் வேண்டும். போனால் இரண்டு சம்பளமும் சேர்ந்தே போகும்.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 5 மணிக்குத் திறப்பைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று பல்லி சொல்வது போல் ஒரு சத்தம். அவ்வளவுதான். பற்றறி இறங்கிவிட்டது என்று விளங்கியது. பொனட்டைத் திறந்து தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தோம். எஞ்சின் இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது, வயர்கள் இருக்கின்றன. பற்றறியைக் காணவில்லை! இந்தப் பக்கம் பார்த்தோம், அந்தப் பக்கம் பார்த்தோம். இரவில் யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்றே மனைவி முடிவு கட்டிவிட்டா. பற்றறி இல்லாவிட்டால் அந்த 'டிக் டிக்' எங்கேயிருந்து வரும் என்ற யோசனை இருவருக்கும் வரவில்லை.

பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காரைத் தள்ளினோம். வன்னியில் பற்றறி செத்த வான்களைத் தள்ளித் தள்ளி ஸ்ராட் பண்ணிய பழக்கம். மனைவி ஸ்ரேறிங்கில், பின்னால் நாங்கள் தள்ள, அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தை இரண்டு தடவை சுற்றினோம். ஓட்டோமற்றிக் கியர் காரைத் தள்ளி ஸ்ராட் பண்ணவே முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளச்சை விட்டால் சில்லு எஞ்சினைப் பிடித்துச் சுழற்றும். ஓட்டோமற்றிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் இருப்பது எண்ணெய். எஞ்சின் ஓடினால்தான் அந்த எண்ணெய் வேலை செய்யும். நாள் முழுக்கத் தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

கடைசியில் எங்களோடு வேலை செய்யும் வியட்நாம்காரப் பெரியவர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தோம். வியட்நாமுக்கு வெளியே வியட்நாம் மக்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் சான் ஹோசேயும் ஒன்று என்பது ஸ்ரோறி வீதிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இவரும் எங்களைப் போல அகதியாக வந்தவர்தான், 1980களில் படகில் வந்தவர். பத்து நிமிடத்தில் கேபிளோடு வந்து நின்றார். பொனட்டுக்குள் சாரதிப் பக்கமாக இருந்த ஒரு சிவப்பு மூடியைத் தட்டித் திறந்தார். உள்ளே ஒரு கம்பி முனை. சிவப்புக் கேபிளை அதில் கொழுவி, கறுப்பை இரும்பில் பூட்டி, தன் காரிலிருந்து மின்சாரம் கொடுத்தார். எங்கள் கார் உடனே ஸ்ராட் ஆகியது. "பற்றறி எங்கே?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டு முன் சில்லைக் காலால் தட்டிக் காட்டினார். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தோம். அன்று 6.07க்கு அட்டை தட்டினோம். ஆளுக்கு அரைப் புள்ளி.

அவர் பகிடி விடவில்லை. 1995 முதல் 2006 வரை வந்த ஸ்ராட்டஸ் நாலு கதவுக் கார்களிலும், அதன் சகோதரமான கிறைஸ்லர் செப்றிங் நாலு கதவுக் கார்களிலும் பற்றறியைச் சாரதிப் பக்க முன் சில்லுக்கு முன்னால், பம்பருக்குப் பின்னால் உள்ள பொந்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஆட்கள் இருக்கும் இடத்தை முன்னுக்குத் தள்ளி விசாலமாக்கியதால் எஞ்சினுக்கு விட்ட இடம் குறைந்துபோய், பற்றறிக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. அதனால்தான் கேபிள் கொழுவ மேலே ஒரு சிவப்பு முனையைத் தனியாக நீட்டி விட்டிருக்கிறார்கள். பற்றறியை மாற்றுவதென்றால் சில்லுக்குள்ளால்தான் போகவேண்டும்.

அன்று வேலை முடிந்து ஒரு திருத்தும் கடைக்குப் போனோம். பற்றறியோடு கூலியும் சேர்த்து 430 டொலர் என்றார்கள். பாகங்கள் விற்கும் கடைக்குப் போனோம். அங்கே இனாமாகப் பரிசோதித்து, ஓல்ற்றனேற்றர் நல்லது, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வருகிறது, பற்றறிதான் செத்துவிட்டது என்று காட்டினார்கள். இது புதிதாக வந்தவர்கள் அறியவேண்டியது: அமெரிக்காவில் இப்படிப்பட்ட கடைகள் பெரும்பாலும் காசில்லாமல் பரிசோதித்துத் தரும், பற்றறி வாங்கினால் பூட்டியும் தரும். ஆனால் கையெட்டாத இடத்தில் பற்றறி உள்ள கார் என்றால் கையை விரித்துவிடுவார்கள். எங்கள் காரின் பெயரைச் சொன்னதும் கவுண்டரில் நின்ற பையன் தலையைப் பலமாக ஆட்டினான். பற்றறி மட்டும் 189 டொலர்.

நடுவில் உள்ள 240 டொலர் எங்களுக்குச் சின்னக் காசல்ல. தஞ்சக் கோரிக்கை வழக்குக்காகச் சட்டத்தரணிக்கு மாதாமாதம் 200 டொலர் கட்டி வருகிறோம். அதை ஒரு மாதம் விட்டால் என்ன நடக்கும் என்று பார்க்கும் துணிவு எங்களுக்கு இல்லை.

ஆகவே நாங்களே மாற்றுவது என்று தீர்மானித்தோம். ஞாயிறு வரை வியட்நாம் பெரியவர் காலையிலும் மாலையிலும் கேபிளோடு நின்றார். ஒரு நாளாவது முகம் சுளிக்கவில்லை.

இதில் ஒரு மனக்குறையையும் சொல்லத்தான் வேண்டும். பற்றறி என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வேறு ஞாபகம் வரும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் போட்ட தடையில் பெற்றோலும் பற்றறியும் முன்வரிசையில் இருந்தன. ரோச் லைற்றுக்குப் போடும் சின்னப் பற்றறிகூடக் கடையில் கிடையாது. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணி நேரம் உயிர் வாங்குவார்கள். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு நாங்கள் வன்னிக்கு வந்தபோது ஏழு எட்டு வயது. அங்கே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பூட்டி, அப்பா பிபிசி தமிழோசை கேட்பார். சுற்றுவது எங்கள் வேலை. கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி இழுபடும். "சுத்தடா, சுத்தடா!" என்று சத்தம் போடுவார். 2002இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகுதான் புதுப் பற்றறி போட்ட ரோச்சைப் பிடித்துப் பார்த்தோம். பற்றறியே இல்லாமல் பிழைத்த சனங்கள், பற்றறி மலைபோல் குவிந்து கிடக்கும் நாட்டில் ஒரு பற்றறியைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாமல் காரைத் தள்ளிக்கொண்டு திரிந்தோமே என்பதுதான் அந்த மனக்குறை.

ரொறொன்ரோவில் எங்களுக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். தடை காலத்தில் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓடவைத்த கை அவருடையது. அவரிடம் கேட்டோம்.

"தம்பி, பற்றறியைத் தேடாதை. வயரைப் பிடிச்சுக்கொண்டு போ. அந்தச் சிவப்பு முனையிலையிருந்து ஒரு தடிச்ச வயர் கீழை இறங்கும். அது எங்கை போகுதோ அங்கைதான் பற்றறி," என்றார். பார்த்தோம், அப்படியே சில்லுப் பக்கமாக இறங்கிப் போனது. பிறகு ஒரு கண்டிப்பும் சொன்னார்: "ஜக்கை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளை விடாதை. ஜக் ஸ்ராண்ட் இல்லாட்டி இந்த வேலை வேண்டாம். அந்தக் கடைக்காரனுக்கு 430ஐக் குடுத்திட்டுப் பேசாமல் இரு."

35 டொலருக்கு ஒரு சோடி ஜக் ஸ்ராண்ட் வாங்கினோம். எங்கள் அடுக்குமாடியில் கார் திருத்தக்கூடாது என்று குடிக்கூலி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதையும் கவனியுங்கள், அபராதம் போடுவார்கள். வியட்நாம் பெரியவர் தன் வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னார். சரிவில்லாத கொங்கிறீற் நிலம்.

முதல் வேலையாக நகைகளைக் கழற்றினோம். மோதிரம், மனைவியின் வளையல்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாமல் சட்டைக்குள் விட்டு, மேலே இன்னொரு சட்டையைப் போட்டு இறுகப் பொத்தான் பூட்டிக்கொண்டா. 12 வோல்ட்டில் ஆளுக்கு அதிர்ச்சி அடிக்காது. ஆனால் பற்றறியின் இரண்டு முனைக்கும் குறுக்கே பொன்னோ இரும்போ பட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து தோலை எரித்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டோம். உள்ளே இருப்பது அசிற்.

பொனட்டைத் திறந்து மறை வயரை முதலில் கழற்றினோம். இந்தக் காரில் அதற்கும் ஒரு வசதி உண்டு. பற்றறி ஒளிந்திருப்பதால் மறை வயரை மேலே சாரதிப் பக்கத்து அதிர்வுதாங்கிக் கோபுரத்தில் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். அந்த நட்டைக் கழற்றி, வயர் திரும்ப இரும்பில் முட்டாமல் துணி சுற்றி ஒதுக்கி வைத்தோம். எந்தக் காரானாலும் கழற்றும்போது மறை முதலில், பூட்டும்போது மறை கடைசியில். மாறிச் செய்தால், நேர் முனையைத் திருகும் ஸ்பனர் கார் உடம்பில் பட்டதும் பொறி பறக்கும்.

அடுத்தது சில்லு. காரைத் தூக்குவதற்கு முன்னரே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தவேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சில்லு சேர்ந்து சுழலும். சாரதிப் பக்கத்து முன் சில்லு என்று அண்ணை சொன்னதை நினைவில் வைத்துக் குந்தியிருந்து பலத்தையெல்லாம் கூட்டி இரண்டு நட்டைத் தளர்த்திவிட்டோம்.

"இஞ்சருங்கோ, ஸ்ரேறிங் அங்காலை எல்லோ இருக்கு?" என்றா மனைவி.

ஊரில் சாரதி வலப்பக்கம். பழக்கத்தில் வலப்பக்கச் சில்லில் போய் இருந்துவிட்டோம். பெரியவருக்கு மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கி, முற்றத்துக் கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இரண்டு நட்டையும் திரும்ப இறுக்கிவிட்டு இடப்பக்கம் போனோம்.

பின் சில்லுக்கு மரக்கட்டை கொடுத்து, ஹான்ட் பிறேக்கை இழுத்து, கார்ப் புத்தகத்தில் காட்டிய இடத்தில் ஜக் வைத்துத் தூக்கி, ஸ்ராண்டை நிறுத்தினோம். நட்டெல்லாம் கழற்றியும் சில்லு வரவில்லை. துருப்பிடித்து ஒட்டியிருந்தது. பெரியவர் எழுந்து வந்து ரயரின் ஓரத்தில் குதிக்காலால் இரண்டு உதை விட்டார். கழன்று வந்தது. அதைத் தூக்கி அப்பால் வைக்கப் போக, அவர் தடுத்து, கார் ஓரத்தின் கீழே படுக்க வைத்தார். ஸ்ராண்டும் ஜக்கும் சேர்ந்து வழுக்கினாலும் கார் அந்தச் சில்லில்தான் விழும், ஆளில் விழாது. அண்ணை சொல்லாத ஒரு பாடம் அது. சில்லைக் கழற்றாமல் திருப்பி வைத்தே செய்பவர்களும் இருக்கிறார்களாம். எங்களுக்கு அந்த இடுக்குப் போதாது.

சில்லுப் பொந்தின் கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டியைப் பிடித்திருந்த குமிழ்களில் நாலு எங்கள் கையில் உடைந்தன. இருபது வருடத்துப் பிளாஸ்ரிக் அப்படித்தான், மாற்றுக் குமிழ் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. தட்டி விலகியதும், அங்கே தூசும் சேறும் மூடிக் குந்தியிருந்தது பற்றறி. மனைவி கை தட்டினா.

முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றக் கொதித்து நுரைத்து விட்டது. முனை நட்டு எங்கள் காரில் 10 மில்லிமீற்றர் ஸ்பனருக்குச் சரியாக இருந்தது. ஆனால் பற்றறியை அமத்திப் பிடிக்கும் போல்ட் உட்பக்கமாக இருந்தது. எங்கள் கை உள்ளே போகவில்லை. ஒரு மணித்தியாலம் போராடி முழங்கைத் தோலை உரித்ததுதான் மிச்சம். கடைசியில் மனைவி, "விடுங்கோ பாப்பம்," என்று பக்கவாட்டில் படுத்து, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே அந்தப் போல்ட்டைக் கழற்றி எடுத்தா. தொழிற்சாலையில் அரிசியளவுப் பாகங்களை எட்டு மணித்தியாலம் பொருத்தும் கை அல்லவா.

பற்றறி கீழ்நோக்கித்தான் வெளியே வரும். ஏறக்குறைய 18 கிலோ. ஒருவர் தாங்க, ஒருவர் இழுக்கவேண்டும். தனியாகச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்கு அந்தப் பாரம் ஒன்றே போதும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், உயரம், நேர் முனை எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுவிட்டுப் புதியதை ஏற்றினோம். முனைகளைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, பற்றறியிலேயே நேர் முனையை முதலிலும் மறை முனையைப் பிறகும் பூட்டி, போல்ட்டை இறுக்கி, தட்டியைப் பொருத்தி, சில்லை மாட்டி, நட்டுகளை வட்டமாகச் சுற்றாமல் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கிக் காரை இறக்கினோம். பிற்பகல் இரண்டு மணி.

திறப்பைத் திருப்பினோம். பல்லிச் சத்தம்கூட இல்லை. உள் வெளிச்சமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

அந்த ஐந்து நிமிடத்தை மறக்க முடியாது. 189 டொலர் போயிற்று, நாளைக் காலை வேலை, நாலரைப் புள்ளி, பெரியவர் முன்னால் மானம், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தால் எடுக்கவில்லை. திரும்பவும் சில்லைக் கழற்றத்தான் வேண்டும் என்று ஜக்கைத் தூக்கினோம். மனைவி பொனட்டுக்கு முன்னால் நின்று, "முதன்முதல் கழட்டினது எதை?" என்று கேட்டா. கோபுரத்து மறை வயர் துணி சுற்றியபடியே கிடந்தது. கடைசியாகப் பூட்டவேண்டியது என்பதால் கடைசி வரை விட்டு, அப்படியே மறந்துபோனோம். பூட்டினோம். ஒரு திருப்பிலேயே கார் ஸ்ராட் ஆனது. மணிக்கூடு 12.00 என்று மின்னியது.

பழைய பற்றறியை எறிந்துவிடாதீர்கள். கலிபோர்ணியாவில் குப்பையில் போடுவது சட்டவிரோதம். வாங்கும்போது பழையதைக் கொடுக்காவிட்டால் வைப்புப் பணம் ஒன்று அறவிடுவார்கள். எங்களிடம் 22 டொலர் எடுத்தார்கள். 45 நாளுக்குள் பழையதைக் கொண்டுபோனால் திரும்பக் கிடைக்கும். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் வேர்ணன் என்ற இடத்தில் பழைய பற்றறிகளை உருக்கிய ஆலை ஒன்றை 2015இல் மூடிய பிறகு, சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் மண்ணில் ஈயம் கலந்திருந்ததைக் கண்டார்கள். அதை வாசித்ததும் மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. முல்லைத்தீவுக் கரையில் அவவின் தகப்பன் பழைய பற்றறித் தகடுகளை அடுப்பங்கரையில் உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பாராம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு.

எல்லாக் காரும் எங்களுடையதைப் போல் அல்ல. ரொயோட்டா பிறியஸ் வைத்திருப்பவர்கள் பலர். அதில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களின் 12 வோல்ட் பற்றறி பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கிறது. வாயு வெளியே போக அதிலே ஒரு சிறு குழாய் உண்டு. அதைத் திரும்பப் பூட்ட மறக்கக்கூடாது. அந்தக் காரில் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் அழுத்தம். சில பியூக் கார்களில் பின் சீற்றுக்குக் கீழே இருக்கும். பழைய கார் வாங்கப் போகும்போது நிறத்தையும் ரயரையும் பார்ப்பதோடு, பற்றறி எங்கே என்றும் கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

50 மைல் ஓடியபின் சில்லு நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கினோம். திங்கட்கிழமை 5.40க்கே வேலையிடத்தில் நின்றோம். நாலரைப் புள்ளியோடு கோடைகாலம் வரை ஓட்டவேண்டும். சட்டத்தரணியின் காசு அந்த மாதமும் போய்ச் சேர்ந்தது.

சாப்பாட்டு நேரம் வியட்நாம் பெரியவர் பக்கத்தில் வந்து இருந்தார். தன் மருமகளிடம் ஒரு டொட்ஜ் ஜேர்னி இருக்கிறதாம், அதிலும் பற்றறி சில்லுக்குள்தானாம், காலையில் பல்லி சொல்லத் தொடங்கிவிட்டதாம். கடையில் கேட்ட விலையைச் சொல்லித் தலையில் கை வைத்தார். பிறகு மனைவியின் கையைக் காட்டி ஏதோ கேட்டார். வருகிற ஞாயிறு போகிறோம்.